யாரால் யாருக்கு நோய்?

“கொடிய நோய்களெல்லாம் காட்டுக் குரங்குகளிடமிருந்துதான் மனிதனுக்கு வந்தன” என்று சொல்லுவது படித்தவர்களுக்குள்ளும் ஒரு வழக்கமாய்ப் போய்விட்டது. இதில் பாதி வாஸ்தவந்தான். மற்றப் பாதியைச் சொல்லுகின்றவர்கள் மிகச் சிலரே யாதலால் நாம் அதைச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

எய்ட்ஸ் நோயை உலகமெங்கும் பரப்பிய வைரஸ், தென்கிழக்குக் கேமரூன் காட்டுச் சிம்பன்சிகளிடமிருந்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிதனுக்கு வந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. வேட்டையாடி இறைச்சி அறுத்தபோது இரத்தத்தின் வழியாய் வந்திருக்கவேண்டும் என்பதே அறிஞர்களின் முடிவு. ஆனால் மனிதன் திருப்பிக் கொடுத்ததென்ன?

ஐவரி கோஸ்ட் தேசத்து ‘டாய்’ என்னும் காட்டில் 1999, 2004, 2006-ஆம் ஆண்டுகளில் சிம்பன்சிகள் இருமி, மூச்சுத் திணறிச் செத்தன. பரிசோதித்ததில் அகப்பட்டவை, நம் குழந்தைகளுக்கு இருமலும் சளியும் உண்டாக்கும் வைரஸ்களே! உகாண்டாவில் 2013-இல் ஒரு கூட்டத்தின் 56 சிம்பன்சிகளில் 5 மாண்டன. நமக்கு வெறும் ஜலதோஷமாய் வந்து போவதுதான் அவற்றைக் கொன்றது.

காரணமென்ன? வைரஸ் தானாக வளராது. ஓர் உயிரணுவுக்குள் புகுந்தே பெருகவேண்டும். அது புகும் வாசல் நமக்கும் சிம்பன்சிக்கும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றது. மனிதன் தனிப்பிறவி என்கின்ற பெருமையெல்லாம் அக்கிருமிக்குத் தெரியாது. ஆனால் நாம் பழகிப்போன கிருமி அவற்றுக்குப் புதிது. எதிர்க்கும் சக்தி அவற்றுக்கில்லை.

நிற்க, “அப்படியானால் மனிதரைக் காட்டுக்குள் விடக்கூடாது” என்று சிலர் சொல்லலாம். அதுவும் சரியல்ல. ஆராய்ச்சிக்காரர் நடமாடும் இடத்தில் திருட்டு வேட்டை குறைகின்றது. பார்க்க வருவோர் கொடுக்கும் பணத்தில் காவலர் குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆகவே வேண்டியது தடையல்ல, கட்டுப்பாடேயாகும். சளி பிடித்தவன் போகக்கூடாது. போகின்றவன் முகமூடி கட்டி, 10 மீட்டராவது தள்ளி நிற்கவேண்டும். காட்டோரத்து ஜனங்களுக்கும் காவலருக்கும் தடுப்பூசியும் வைத்திய வசதியும் கிடைக்கவேண்டும்.

“நான் பணம் கட்டியிருக்கின்றேனே” என்று இருமிக்கொண்டே வரும் சீமானைத் திருப்பி அனுப்பக் கூலிக்கு வழிகாட்டும் ஏழைக்கு அதிகாரம் உண்டா? இல்லையேல் சட்டமெல்லாம் வெறுங் காகிதமே. பணம் பார்வைக்குக் கட்டணமே தவிர, நோய் கொடுக்க உரிமைச்சீட்டு அல்ல.