'ஒரு ஊசி போட்டாச்சே... போதாதா?' - நாய்க்குட்டி வந்த வீட்டின் முதல் இரண்டு மாதங்கள்!

நாய்க்குட்டி வாங்கும் வீடுகளில் பெரும்பாலும் எல்லாமே முன்கூட்டியே தயாராக இருக்கும். கழுத்துப்பட்டை, கிண்ணம், மெத்தை, இன்ஸ்டாகிராமில் தனி அக்கவுன்ட்கூட. எந்த டாக்டரிடம் போவது என்பதை மட்டும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். 'ரெண்டு நாள் போகட்டும்', 'புது இடம் பழகட்டும்', 'சம்பளம் வரட்டும்' என்று அது தள்ளிக்கொண்டே போகும். குட்டி பிழைக்குமா, பிழைக்காதா என்பதைத் தீர்மானிக்கும் விஷயங்கள் பலவும் அந்தத் தள்ளிப்போட்ட நாள்களில்தான் நடக்கின்றன.

வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாவது மாடி. அப்பா, அம்மா, ப்ளஸ் ஒன் படிக்கும் மகள், நான்காம் வகுப்பு மகன், அப்பாவைப் பெற்ற பாட்டி. ஆறாவதாக வந்து சேர்ந்தது ஒரு லேப்ரடார் குட்டி. பெயர் பஜ்ஜி. 'நாய் வந்தா நான் ஊருக்குப் போயிடுவேன்' என்று மிரட்டிய பாட்டிதான் அந்தப் பெயரையும் வைத்தார்.

விற்றவர் சொன்ன வயது 50 நாள். நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பாக 2017-ம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. 50 நாள் என்பது ஏழு வாரமும் ஒரு நாளும். ஆனாலும் '45 நாள் குட்டி ரெடி' என்று வெளிப்படையாகவே விளம்பரம் செய்கிறார்கள். விதிமீறலை விளம்பரத்திலேயே எழுதிப்போடும் வியாபாரம் வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை!

முதல் நாள் இரவு பஜ்ஜி அழுத அழுகையில் இரண்டாவது மாடிக்காரர் எழுந்து வந்துவிட்டார். தாயையும் கூடப்பிறந்ததுகளையும் விட்டு முதன்முறையாகத் தனியாகப் படுக்கிற குட்டி அழத்தான் செய்யும். ஹாலில் இருந்த மெத்தையை மகள் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு தூங்கினாள். அழுகை நின்றது. மறுநாள் காலை பாட்டி பாசமாக ஒரு கிண்ணம் பசும்பால் வைத்தார். மதியத்துக்குள் வயிற்றுப்போக்கு. தாய்ப்பாலைவிடப் பசும்பாலில் லாக்டோஸ் அதிகம். பல குட்டிகளுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. 'வாடை அடிக்குது, ஒரு தடவை குளிப்பாட்டிடலாமா?' என்று அப்பா கேட்டதை மட்டும் அம்மா தடுத்துவிட்டார். வந்த களைப்பு தீராத குட்டியைக் குளிரவைக்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

மூன்றாம் நாள் டாக்டரிடம் போனார்கள். அதுவும் வயிற்றுப்போக்கு நிற்காததால்தான்.

அட்டையில் இல்லாத ஸ்டிக்கர்

விற்றவர் ஒரு தடுப்பூசி அட்டையும் கொடுத்திருந்தார். அதில் ஒரு தேதி, ஒரு டிக். 'ஒரு ஊசி போட்டாச்சு சார்' என்று வாய்வார்த்தையாகவும் சொல்லியிருந்தார். டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மருந்துக் குப்பியில் இருந்து உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் இல்லை, பேட்ச் எண் இல்லை, போட்ட மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இல்லை. தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். யார் வீட்டு ஃபிரிட்ஜில், எத்தனை மின்வெட்டுகளைப் பார்த்த மருந்து என்று தெரியாத ஊசியைக் கணக்கில் சேர்க்க முடியாது. 'போடலைன்னே வெச்சுக்குவோம்' என்றார் டாக்டர்.

அப்பாவுக்கு அதில் உடன்பாடில்லை. 'ஒரு ஊசி போட்டாச்சே டாக்டர்... இன்னொண்ணு போட்டா போதாதா? எதுக்கு மூணு தடவை?'

குட்டி வாங்கும் பலருக்கும் வருகிற கேள்விதான் இது. இதற்கான பதில் சீம்பாலில் இருக்கிறது.

பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குக் கிடைக்கிறது. ஆரம்ப வாரங்களில் குட்டியைக் காப்பது அதுதான். ஆனால், தாய் தந்த அந்தப் பாதுகாப்பு உடம்பில் இருக்கும்வரை, தடுப்பூசி மருந்தையும் 'எதிரி' என்று நினைத்து அழித்துவிடும். ஊசி போட்டும் பலன் இருக்காது. அது எப்போது கரையும்? ஒரு குட்டிக்கு எட்டாவது வாரம், இன்னொன்றுக்குப் பன்னிரண்டாவது வாரம், சிலவற்றுக்கு அதற்கும் பிறகு. வெளியில் இருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. அதனால்தான் ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டு, கடைசி ஊசி 16-வது வாரத்திலோ அதற்குப் பிறகோ விழுமாறு பார்த்துக்கொள்கிறார்கள். எல்லோரும் 'பூஸ்டர்' என்று சொல்வதால், முதல் ஊசி வேலை செய்துவிட்டது, அடுத்தது சும்மா பலம் சேர்க்க என்ற எண்ணம் வந்துவிடுகிறது. முதல் ஊசி பலிக்காமலே போயிருக்கலாம் என்பதற்காகத்தான் அடுத்ததே போடப்படுகிறது.

இந்தக் கூட்டுத் தடுப்பூசியைத்தான் 'செவன் இன் ஒன்', 'நைன் இன் ஒன்' என்றெல்லாம் சொல்கிறார்கள். பார்வோ, டிஸ்டெம்பர், ஈரலைத் தாக்கும் அடினோவைரஸ், எலிக்காய்ச்சல் எனச் சிலவற்றுக்குச் சேர்த்துப் போடுவது. மழைக்காலத்தில் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும் ஊரில் எலிக்காய்ச்சலைச் சாதாரணமாக நினைக்க முடியாது. அது மனிதர்களுக்கும் வரும். ரேபிஸ் ஊசி இதில் சேராது. அது தனியாக, மூன்று மாத வயதில்.

பஜ்ஜியின் மலத்தைப் பரிசோதித்ததில் உருண்டைப்புழு. இதில் ஆச்சர்யப்பட ஒன்றுமில்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குள் போய்விடும் புழு அது. எடை பார்த்து மருந்து கொடுத்தார்கள். மூன்று மாத வயது வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. இந்தப் புழுவின் முட்டைகள் குழந்தைகளின் கை வழியாக வாய்க்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும், அம்மாவின் பார்வை மகன் பக்கம் திரும்பியது. அன்றிலிருந்து வீட்டில் கை கழுவும் சட்டம் அமல்!

வயிறு சரியானதும், அடுத்த வாரம் முதல் ஊசி. அடுத்த தேதி நான்கு வாரம் கழித்து. அந்தத் தேதியில்தான் திருநெல்வேலியில் அம்மா வழிச் சொந்தத்தில் ஒரு கல்யாணம்.

கீழே விடலாமா, கூடாதா?

ஊசிகள் முடியும்வரை, தெருநாய்கள் நடமாடும் இடத்தில் குட்டியைத் தரையில் விடக் கூடாது. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். செருப்பில் ஒட்டிக்கொண்டும் வீட்டுக்குள் வரும். கிளினிக்கில் காத்திருக்கும்போதுகூட மடியில்தான் வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மூன்றாவது வாரத்தில் இருந்து சுமார் 14-வது வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பயமில்லாமல் பழகிக்கொள்ளும் பருவம். அந்த நாள்களை முழுக்க நான்கு சுவருக்குள் கழித்த குட்டிகளில் பல, வளர்ந்த பிறகு ஹெல்மெட் போட்டவரைப் பார்த்தாலே குரைக்கும், பட்டாசுக்குக் கட்டிலுக்கு அடியில் நடுங்கும். நோய்க்குப் பயந்து பூட்டிவைத்தாலும் நஷ்டம், பழகட்டும் என்று தெருவில் விட்டாலும் ஆபத்து.

இதற்கு வழி கண்டுபிடித்தது மகள். தினமும் சாயங்காலம் ஒரு பழைய துப்பட்டாவில் பஜ்ஜியைத் தூளி மாதிரி கட்டித் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவாள். ஆட்டோ சத்தம், செக்யூரிட்டி அண்ணனின் விசில், காய்கறி வண்டிக்காரரின் மைக், குடை, சக்கர நாற்காலி... எல்லாவற்றையும் கையில் இருந்தபடியே பார்க்கும். கால் மட்டும் தரையில் படாது. வீட்டுக்குள் மிக்ஸி, குக்கர் விசில் என்று பாட்டியின் சமையலறை பார்த்துக்கொண்டது.

அந்தச் சமையலறையில் இருந்து சில விஷயங்களும் தடை செய்யப்பட்டன. வெங்காயம், பூண்டு நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதாவது சாம்பார் சாதமும் பாயசமும் கிடையாது. உப்பு போடாத சாதமும் வேகவைத்த சிக்கனும் போதும். சாக்லேட் கூடவே கூடாது. உடம்பு சுட்டால் வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுப்பதும், உண்ணி இருந்தால் மாட்டுக்கு வாங்கும் மருந்தைக் கலந்து குட்டியைக் குளிப்பாட்டுவதும் நம் ஊரில் சகஜம். இரண்டுமே விஷமாகிவிடும்.

'நம்ம வீட்டுக் குட்டிதானே!'

பஜ்ஜிக்கு இரண்டரை மாதம். பல் முளைக்கும் வேகத்தில் செருப்பு, சோபா, சார்ஜர் வயர் எல்லாம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தைப் பிடுங்கும்போது மகனின் விரலில் பல் பட்டது. இரண்டு சொட்டு ரத்தம். பாட்டி மஞ்சள் டப்பாவை எடுக்கப் போனார். 'நம்ம வீட்டுக் குட்டிதானே, அதுக்கு என்ன இருக்கு' என்றார் அப்பா.

தடுப்பூசி போடாத குட்டியின் பல்லில் ரத்தம் வந்தால், வீட்டுக் குட்டி, தெருக் குட்டி என்ற பாகுபாடு இல்லை. சின்னக் குட்டிக்கு ரேபிஸ் வராது என்பது கட்டுக்கதை. வீட்டுக்கு வருவதற்கு முன் அது எந்த நாயோடு இருந்தது என்பது யாருக்குத் தெரியும்? அறிகுறி வந்துவிட்டால் ரேபிஸில் இருந்து மீள்வது கிட்டத்தட்ட இல்லை.

மஞ்சள் டப்பாவைத் திரும்ப வைக்கச் சொன்னது அம்மா. குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினார். அந்த 15 நிமிடம் ரொம்ப நீளமானது. மகன் பாதியிலேயே 'போதும்மா' என்று சிணுங்கினான். பிறகு நேராக அரசு மருத்துவமனை. ஊசி அங்கே இலவசம். முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என நான்கு தடவை. காயத்தின் தன்மையைப் பார்த்து, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் போடுவதா என்பதையும் டாக்டரே முடிவுசெய்வார். 'பத்து நாள் நாயைப் பார்த்துட்டு அப்புறம் போடலாமே' என்று யாராவது ஒருவர் சொல்வார். இங்கே அப்பாவின் நண்பர் போனில் சொன்னார். நாயைக் கவனிக்க வேண்டியதுதான், ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டுக் கவனிக்க வேண்டும்.

அதற்கு அடுத்த வாரம் அப்பாவின் ஆபீஸில் இருந்து ஒரு செய்தி. பஜ்ஜியோடு பிறந்த இன்னொரு குட்டியை வாங்கிய சக ஊழியர், விற்றவர் போட்ட 'ஒரு ஊசி'யை நம்பி அதன் பிறகு எதுவும் போடவில்லை. குட்டி சாப்பிடவில்லை, வாந்தி. சூட்டுக்கு இருக்கும் என்று இரண்டு நாள் பார்த்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் ரத்தமாகப் போக ஆரம்பித்தது. பார்வோ. பார்வோ வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, உடம்பு தானே போராடி ஜெயிக்கும்வரை தாக்குப்பிடிக்க வைப்பதுதான் சிகிச்சை. முதல் நாளே போயிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். குட்டி நான்காம் நாள் இறந்துவிட்டது.

அப்பா அதை வீட்டில் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு காலண்டரை எடுத்துப் பார்த்தார். 'கல்யாணத்துக்கு நாம போயிட்டு வந்து, ஒரு பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சு ஊசி போட்டுக்கலாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர், 'ஊசி போட்டுட்டு மறுநாள் கிளம்பலாம்' என்றார். ஓரிரு நாள் தள்ளிப்போவதால் எல்லாம் பாழாகிவிடாது. வாரக்கணக்கில் தள்ளினால், தாயின் பாதுகாப்பும் கரைந்து, ஊசியின் பாதுகாப்பும் வராத ஓர் இடைவெளியில் குட்டி மாட்டிக்கொள்ளும்.

அதே வாரம் ஓர் இரவு ஒன்பதரை மணிக்கு பஜ்ஜி இரண்டு முறை வாந்தி எடுத்தது. சுருண்டு படுத்துவிட்டது. 'காலையில பார்க்கலாம்' என்று யாரும் சொல்லவில்லை. வண்டிச் சாவியை எடுத்தது அப்பாதான். இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது என்று மகள் முதல் வாரமே விசாரித்து, நம்பரை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். பார்வோ டெஸ்ட் நெகட்டிவ். வயிற்றில் கோழி எலும்புத் துண்டு. பிரியாணி எலும்பை மேஜைக்கு அடியில் யார் கொடுத்தது என்ற விசாரணையில், மகன் விரல் கட்டைக் காட்டி அழுது தப்பிக்கப் பார்த்தான், நடக்கவில்லை. மருந்தும் இரண்டு நாள் கண்காணிப்பும் போதுமானதாக இருந்தது.

தனியார் கிளினிக்கில் ஆகும் செலவு இடத்துக்கு இடம் மாறும். கட்டுப்படியாகாதவர்களுக்கு அரசு கால்நடை மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னையில், 1903-ல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இயங்குகிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுவது நல்லது. சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுக்க ரேபிஸ் தடுப்பூசிச் சான்றும் வேண்டும் என்பதால், ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையைத் தொலைக்காமல் வைப்பது அந்த வகையிலும் அவசியம்.

இரண்டாவது ஊசியும் ரேபிஸ் ஊசியும் சொன்ன தேதியில் முடிந்தன. கல்யாணத்துக்கு நான்கு பேர் போனார்கள். 'மருமக சொந்தக்காரங்க கல்யாணம்தானே, நீங்க போயிட்டு வாங்க. குட்டியை யாரு பார்க்கிறது?' என்று பாட்டி வீட்டிலேயே இருந்துகொண்டார். நாலு வாரம் கழித்து, 16 வாரம் தாண்டியபோது மூன்றாவது ஊசி. அடுத்தது ஒரு வருடம் கழித்து. கருத்தடை எப்போது என்ற கேள்விக்கு, 'பெரிய சைஸ் நாய், கொஞ்சம் வளரட்டும். அப்புறம் பேசுவோம்' என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கடைசி ஊசி முடிந்து இரண்டு வாரம் கழித்து, முதன்முறையாக பஜ்ஜியைத் தெருவில் இறக்கிவிட்டார்கள். அது நகரவில்லை. ஆட்டோவைப் பார்த்தது, செக்யூரிட்டி அண்ணனைப் பார்த்தது, காய்கறி வண்டியைப் பார்த்தது. பிறகு திரும்பி, மகளின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, தூக்கச் சொல்லி முனகியது. அப்போது அதன் எடை 15 கிலோவைத் தாண்டியிருந்தது.