புகலிடம்: ஊர் கூடி முடிவெடுப்போம்

முத்தையன்கட்டுக் குளத்து நீர் பாயும் வயலை ஈடு வைக்கிறார்கள். தாய் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுக்கிறார். மிச்சத்துக்கு வட்டிக் காசு. முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு பிள்ளை வெளிநாடு புறப்பட்டால் குடும்பமே கடனாளியாகிறது. ஆனால் போகும் பாதையையும், போய்ச் சொல்லவேண்டிய புகலிடக் ‘கேஸை’யும் தீர்மானிப்பவர் பெரும்பாலும் ஏஜென்சிக்காரர்தான்.

2022 நவம்பரில் கனடா நோக்கிப் போன இலங்கையர் 303 பேர் வியட்நாமுக்கு அப்பால் தத்தளித்த கப்பலிலிருந்து மீட்கப்பட்டார்கள். பலர் பின்னர் நாடு திரும்பினார்கள். 2021இல் இந்து சமுத்திரத் தீவான டியாகோ கார்சியாவில் கரையேறிய தமிழர்களில் பெரும்பாலோர் பிரித்தானியா போய்ச்சேர 2024 டிசெம்பர் ஆயிற்று. படகில் வருவோரைக் குடியமர்த்துவதில்லை என்று அவுஸ்திரேலியா 2013 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது.

இதற்காக, போகவேண்டாம் என்று தடுக்க எவருக்கும் உரிமையில்லை. கேப்பாப்புலவில் இராணுவம் பிடித்த காணிக்காகவும், முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்ட உறவுகளுக்காகவும் 2017இல் மக்கள் வீதியில் அமர்ந்த மாவட்டம் இது. விசாரணைக்கும் கண்காணிப்புக்கும் அஞ்சுவோரின் அச்சம் கற்பனையல்ல. புகலிடம் கோருவது அவர்களது உரிமை.

ஆனால் 1951ஆம் ஆண்டு அகதிகள் சமவாயம் கேட்பது இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றால் வரும் துன்புறுத்தலை. கடனும் வேலையின்மையும் மட்டும் போதா. உண்மையான ஆபத்து உள்ளவர்கூட, காசுக்கு எழுதிய கதையை முதல் நேர்காணலில் ஒப்புவித்தால், பிறகு உண்மையைச் சொன்னாலும் நம்பவைப்பது கடினம். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவில் பதிந்த இலக்கம், வைத்தியசாலைத் துண்டு ஆகியவையே பின்னாளில் கைகொடுக்கும்.

ஆகவே பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்வோம். வெளிநாட்டு உறவுகள் கலியாணப் படங்களோடு, விசாவுக்குக் காத்திருந்த வருடங்களையும் ரிஜெக்ட் கடிதங்களையும் பற்றிப் பேசட்டும். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கோயில் பரிபாலன சபையும் சேர்ந்து, புகலிடச் சட்டத்தை விளக்கச் சட்டத்தரணி ஒருவரை ஊர்க் கூட்டத்துக்கு அழைக்கட்டும். பாடசாலைகள் உயர்தர மாணவருக்கு இதை விளங்கப்படுத்தட்டும். பிள்ளைகள் இங்கேயே உழைத்து வாழ வழிசெய்வது அரசின் கடன். திருப்பி அனுப்பப்பட்டவரை இளக்காரம் பேசாமல் கூட்டத்தில் முதலில் பேச வைப்போம். பாதையின் ஆபத்தைப் பட்டறிந்தவர் அவர்தான்.

காசு கட்டுவதற்கு முன் இத்தனை பேரிடமும் கேட்டறியும் வழக்கம் ஊரில் வரவேண்டும். அதன் பிறகும் ஒருவர் போகத் துணிந்தால், உண்மையோடும் ஆவணங்களோடும் போகட்டும்.