தலைவலி போய் மாத்திரைவலி

பெங்களூர் பிரேசர் டவுனின் மருந்துக் கடைகளில் பல மொழிகளில் கேட்கப்படும் சரக்கு தலைவலி மாத்திரை. கன்னடத்தில் ‘தலெ நோவு’, உருதுவில் ‘ஸர் தர்த்’. தமிழர்கள் பெரும்பாலும் வாயைக்கூடத் திறப்பதில்லை. நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டுகிறார்கள். அட்டையைக் கத்தரியால் நறுக்கி, இரண்டு மாத்திரைகளைச் சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுத்து விடுகிறார் கடைக்காரர். இந்த வியாபாரம் முடிய அரை நிமிடம் போதும். வாங்குபவருக்கு என்ன நோய் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. பெரும்பாலும் வாங்குபவருக்கும் தெரியாது.

கேட்டால் ‘சைனஸ்’ என்பார்கள். பெங்களூரில் பாதித் தலைவலிகளுக்கு அதுதான் பெயர். ஊர்க் குளிர், காற்றில் மகரந்தம், பார்த்தீனியச் செடி, கட்டட வேலைத் தூசி என்று காரணங்களுக்கும் பஞ்சமில்லை. இன்னொரு கட்சி ‘பித்தம்’ என்கிறது. வாந்தி எடுத்தால் வலி இறங்கி விடுவதை அதற்கு அத்தாட்சியாகக் காட்டுகிறது. மூன்றாவது கட்சி போக்குவரத்தைத் திட்டுகிறது. மாலையில் கோல்ஸ் ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் அந்தக் கட்சியில் சேர்வதில் வியப்பில்லை.

இந்தப் பேட்டை உருவானதே ஆரோக்கியத்தைக் காப்பாற்றத்தான். 1898ல் பெங்களூரைப் பிளேக் தாக்கியது. தண்டுப் பகுதியின் நெரிசலைக் குறைக்க, காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரும்படி, எலி புகாத வீடுகளோடு திட்டமிடப்பட்ட புறநகர் பிரேசர் டவுன். ஸ்டூவர்ட் பிரேசர் என்ற ஆங்கில அதிகாரியின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. பின்னாளில் அரசு ஏடுகளில் புலிகேசி நகர் ஆனது. ஆனாலும் ஆட்டோக்காரரிடம் இன்றும் பழைய பெயர்தான் எடுபடுகிறது. எலி பிரச்னையைத் தீர்த்த திட்டத்தில் ஹாரன் ஓசைக்கு வழி சொல்லப்பட்டிருக்கவில்லை.

ஆனால் போக்குவரத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன், அதே ஊரின் நிம்ஹான்ஸ் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். அவர்கள் 2009, 2010ஆம் ஆண்டுகளில் பெங்களூரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீடு வீடாகப் போய், 18 முதல் 65 வயது வரையுள்ள 2,329 பேரை விசாரித்தார்கள். 2015ல் வெளியான முடிவுகளின்படி, முந்தைய ஓராண்டில் தலைவலி வந்ததாகச் சொன்னவர்கள் சுமார் 64 சதவீதம். நான்கில் ஒருவருக்கு, அதாவது 25.2 சதவீதம் பேருக்கு, மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி. உலக அளவில் இது ஏழு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், நகரத்தைவிடக் கிராமத்தில்தான் தலைவலிக்காரர்கள் அதிகம். ஹாரன் சத்தம் வலியைக் கிளப்பலாம், ஆனால் நோயை உண்டாக்கியது அதுவல்ல.

எப்போதாவது வந்து ஆளைப் படுக்க வைக்கும் தலைவலி பெரும்பாலும் மைக்ரேன்தான். ‘ஒற்றை’ என்ற பெயரே பலரை ஏமாற்றி விடுகிறது. இரண்டு பக்கமும் வலித்தால் அது வேறு ஏதோ என்று நினைத்து விடுகிறார்கள். பக்கத்தைவிட முக்கியமான கேள்விகள் மூன்று. வலிக்கும்போது குமட்டுகிறதா? வெளிச்சம் பிடிக்காமல் ஜன்னலைச் சாத்தச் சொல்கிறீர்களா? சமீபத்தில் ஒரு நாளாவது வேலையைப் போட்டுவிட்டுப் படுக்க வேண்டி வந்ததா? இரண்டுக்கு ஆமாம் என்றால் மைக்ரேனாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். சாதாரண இறுக்கத் தலைவலி, தலையில் துண்டைக் கட்டி முறுக்கியது போல் இருக்கும். ஆனால் அதோடு சமையலும் நடக்கும், அலுவலகமும் நடக்கும்.

சைனஸ் கட்சிக்கு ஒரு ஏமாற்றச் செய்தி. தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய, அல்லது டாக்டரால் அப்படிச் சொல்லப்பட்ட 2,991 பேரை அமெரிக்காவில் பரிசோதித்தார்கள். 2004ல் வெளியான அந்த ஆய்வில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. அப்படியானால் மூக்கில் நீர் வடிகிறதே, கன்னம் கனக்கிறதே? முகத்துக்கும் மூளையைச் சுற்றிய உறைக்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஒன்றேதான். மைக்ரேனில் அது கிளர்ந்தெழும்போது கண்ணிலும் மூக்கிலும் நீர் சுரக்க வைக்கும் நரம்புகளையும் சேர்த்து எழுப்பி விடுகிறது. உண்மையான சைனஸ் அழற்சி என்றால் மஞ்சளோ பச்சையோ சளி வரும், மூக்கடைக்கும், சிலருக்குக் காய்ச்சலும் இருக்கும். மாதம் ஒரு தடவை வந்து மறுநாள் காணாமல் போகும் தலைவலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள், காசோடு வயிற்றையும் கெடுத்துக் கொண்டதுதான் மிச்சம்.

பித்தக் கட்சி முழுவதும் தவறல்ல. மைக்ரேன் தாக்கும்போது இரைப்பையின் இயக்கம் மந்தமாகி விடுகிறது. குமட்டலும் வாந்தியும் வயிற்றின் கோளாறால் வருவதில்லை, மண்டையின் உத்தரவால் வருகின்றன. மாத்திரை பலிக்காமல் போவதன் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. நம் வீடுகளில், குறிப்பாகப் பெண்களிடம், ‘முடிந்தவரை பொறுத்துப் பார்ப்பது’ என்ற பழக்கம் உண்டு. காலையில் லேசாக ஆரம்பித்த வலியை, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மதியச் சமையல் முடித்து, மாலை வரை இழுத்துக் கொண்டு போவார்கள். தாங்க முடியாமல் போனபின் ஒரு மாத்திரை, அதுவும் சிலர் பாதியாக உடைத்து. அந்த மாத்திரை இயங்காத இரைப்பையில் கிடக்கிறது, அல்லது வாந்தியில் வந்து விடுகிறது. பிறகு ‘எனக்கு மாத்திரையே கேட்பதில்லை’ என்ற தீர்ப்பு.

வலி லேசாக இருக்கும்போதே முழு அளவு சாப்பிட வேண்டும் என்பதுதான் டாக்டர்களின் விதி. வயது வந்த, கல்லீரல் கோளாறு இல்லாத ஒருவருக்கு பாராசிட்டமால் 1,000 மில்லிகிராம், அதாவது 500 மாத்திரை இரண்டு. ஒரு நாளைக்கு 4,000க்கு மேல் கூடாது. அல்லது ஏதாவது சாப்பிட்டபின் ஐபுபுரூஃபன் 400 மில்லிகிராம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஐபுபுரூஃபன் ஆகாது. காய்ச்சலோடு வரும் தலைவலிக்கும் அதையோ ஆஸ்பிரினையோ தொடக்கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை அதிகப்படுத்தி விடும். 2024ல் டெங்கு பெங்களூரை ஆட்டி வைத்தது மறக்கக் கூடியதல்ல. குமட்டல் அதிகமுள்ளவர்களுக்கு வாந்தியை நிறுத்தும் மருந்தையும் சேர்த்துத் தருவது வழக்கம். அது வயிற்றை நகர்த்தி மாத்திரையையும் உள்ளே அனுப்புகிறது. இதற்கும் மசியாத வலிக்கு 1991ல் வந்த சுமட்ரிப்டானும் அதன் தம்பிகளும் இருக்கின்றன. இதய நோயோ கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு இவை ஆபத்து என்பதால் டாக்டரின் சீட்டு இல்லாமல் வாங்குவது புத்திசாலித்தனம் அல்ல.

பாட்டி வைத்தியத்துக்கு இதில் இடமில்லையா? இருக்கிறது. 1893ல் பம்பாயில் பிறந்து பின்னர் சென்னைக்கு வந்த அமிர்தாஞ்சனும் அதன் போட்டியாளர்களும் நெற்றியில் தருவது வெறும் மணமல்ல. புதினாத் தைலத்தை நெற்றியில் தடவினால் இறுக்கத் தலைவலி பாராசிட்டமால் அளவுக்கே குறைகிறது என்று ஜெர்மனியில் 1996லேயே சோதித்துப் பார்த்து விட்டார்கள். மைக்ரேன்காரர்கள் பாடு வேறு. அவர்களில் பலருக்கு வாசனையே எதிரி, தைலம் தடவினால் குமட்டல் கூடும். சுக்குக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. 2014ல் ஈரானில் 100 பேரிடம் நடந்த சோதனையில் இஞ்சிப் பொடி சுமட்ரிப்டானுக்கு ஏறக்குறைய சமமாக வேலை செய்தது. ஆனால் அவர்கள் சாப்பிட்டார்கள், பற்றுப் போடவில்லை. நெற்றித் தோல் வெந்து போகும்படி பற்றுப் போட்டுக் கொள்பவர்களுக்கு, சுக்குக் காபி குடித்துவிட்டு இருட்டறையில் படுப்பது மேல்.

‘தலைக்குக் குளித்தால் தலைவலி வரும்’ என்று வெள்ளிக்கிழமை தோறும் புலம்பும் மாமிகளைப் பார்த்து டாக்டர்கள் சிரித்த காலமும் உண்டு. மேல்நாட்டுப் பாடப் புத்தகங்களில் அப்படியொரு காரணமே கிடையாது. மும்பையின் தலைவலி நிபுணர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளிப்பதால் மைக்ரேன் தூண்டப்பட்ட 94 இந்திய நோயாளிகளைப் பற்றி சர்வதேச மருத்துவ இதழில் எழுதிய பிறகு அந்தச் சிரிப்பு அடங்கியது. நீண்ட, அடர்ந்த, வெகு நேரம் ஈரமாக இருக்கும் கூந்தல் நம் ஊர்ச் சமாச்சாரம். நேரத்தோடு குளித்து, உடனே உலர்த்தி, வெறும் வயிற்றோடு விரதத்தையும் அதே நாளில் சேர்க்காமல் இருந்தாலே சிலருக்குப் பாதி வலி குறைந்து விடும்.

பட்டினி அப்படிப்பட்ட தூண்டுகோல். மசூதிச் சாலையின் ரமலான் மாலைகளைப் பற்றி ஊரே பேசுகிறது. அந்த மாதத்தின் முதல் நாள் பகல் பொழுதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சவூதி அரேபிய மருத்துவமனை ஊழியர்களிடம் நடத்தி 1999ல் வெளியிட்ட ஆய்வில், முதல் நோன்பன்று நோன்பிருந்தவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு தலைவலி வந்தது. முக்கியக் காரணமாகத் தெரிந்தது பசியைவிட, காலைக் காபி நின்று போனதுதான். ஒரு வாரம் முன்பிருந்தே டிகாக்‌ஷனைக் குறைத்து வருவதும், ஸஹரில் ஒரு ஸ்ட்ராங் காபி குடிப்பதும் உதவும். ஏகாதசிக்காரர்களுக்கும் இது பொருந்தும். காபி தலைவலிக்கு மருந்துதான். வலி மாத்திரையோடு கொஞ்சம் காபீன் சேர்ந்தால் அதன் வேகம் கூடுகிறது. தினமும் நான்கைந்து டம்ளர் குடிப்பவருக்குத்தான் அது வேலை செய்யாமல், நிறுத்தினால் வலிக்கும் கடனாக மாறி விடுகிறது.

மாத்திரையும் அதே கதைதான். மருந்துக் கடையின் அரை நிமிட வியாபாரத்தில் உண்மையான ஆபத்து இங்கே ஒளிந்திருக்கிறது. சாதாரண பாராசிட்டமாலையோ ஐபுபுரூஃபனையோ மாதத்தில் 15 நாட்களும், கூட்டு மாத்திரைகள், டிரிப்டான்கள், எர்காட்டமைன் ஆகியவற்றைப் பத்து நாட்களும் மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்க ஆரம்பிக்கிறது. மாதம் இருமுறை வந்தது வாரம் இருமுறையாகி, பிறகு தினமும் காலையில் தலைவலியோடு விழிப்பதில் முடிகிறது. அதற்கும் மாத்திரை. நிம்ஹான்ஸ் கணக்கெடுப்பில் 1.2 சதவீதம் பேர் இந்தச் சுழலில் சிக்கியிருப்பதாகத் தெரிந்தது. நூறு பேர் வசிக்கும் தெருவில் ஒருவராவது இருப்பார் என்று அர்த்தம்.

கூட்டு மாத்திரை என்றால் என்ன என்பது பலருக்குத் தெரியாது. 2018 செப்டம்பரில் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது, பட்டியலில் சாரிடான் பெயரைப் பார்த்து அதிர்ந்தவர்கள் அதில் மூன்று மருந்துகள் இருப்பதையே அன்றுதான் அறிந்தார்கள். சில நாட்களில் உச்ச நீதிமன்றம் அதன் விற்பனையைத் தொடர அனுமதித்தது. 2019ல் விலக்கும் கிடைத்தது. தடை போனது, ஆனால் மாதத்துக்குப் பத்து நாள் என்ற வரம்பு போகவில்லை.

சுழலில் விழுந்தவர்கள் வெளியே வரலாம். மாத்திரையை நிறுத்திய முதல் சில நாட்களில், சிலருக்குப் பத்து நாள் வரை, வலி முன்னைவிடக் கூடும். பலர் திரும்ப ஓடி வருவது அப்போதுதான். அந்த நாட்களைக் கடக்க டாக்டரின் துணை வேண்டும். அடிக்கடி, அதாவது மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் படுக்க வைக்கும் தலைவலி வருபவர்களுக்குத் தினசரி தடுப்பு மருந்துகள் இருக்கின்றன. புரோபரனலால் அவற்றில் மூத்தது. நெஞ்சுவலிக்குக் கொடுத்தபோது தலைவலியும் குறைந்ததைப் பார்த்து 1960களில் கண்டுகொண்டது. விலையும் மலிவு. ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கூடாது.

எல்லாத் தலைவலியும் மைக்ரேன் அல்ல. இடி விழுந்தது போல் ஒரு நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, கை கால் விளங்காமை, வலிப்பு, கழுத்து விறைப்போடு காய்ச்சல், ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக வரும் புதுத் தலைவலி, அடிபட்டபின் வருவது, வாரக் கணக்கில் மெல்ல ஏறிக்கொண்டே போவது ஆகியவற்றுக்கு மருந்துக் கடையில் வேலையில்லை. நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடைசி வகைக்குப் பின்னால் நம் நாட்டில் காசநோய் மூளைக் காய்ச்சல் ஒளிந்திருக்கலாம்.

மற்றவர்கள் டாக்டரிடம் போகும்போது கொண்டு போக வேண்டியது மாதக் காலண்டர். பால் கணக்கு எழுதும் அதே கட்டங்களில், வலி வந்த நாளுக்கு ஒரு புள்ளி, மாத்திரை சாப்பிட்ட நாளுக்கு ஒரு கோடு, மாதவிலக்குக்கு ஒரு வட்டம். மூன்று மாதத் தாள்கள் கையில் இருந்தால், நோயைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படாது. கோடுகள் பத்தைத் தாண்டுகின்றனவா என்பதை டாக்டருக்கு முன்பே வீட்டில் எண்ணிப் பார்த்து விடலாம்.