பாதரக்ஷையும் பந்தோபஸ்தும்

விமானமேறும் பிரயாணிகள் பாதரக்ஷைகளைக் கழற்றியே பரிசோதனைக்கு உட்பட வேண்டுமென்று அமெரிக்க சர்க்கார் 2006-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் பிறப்பித்த கட்டளை, 2025 ஜூலையில்தான் நீங்கிற்று. 2001 டிஸம்பர் 22-ந் தேதி, பாரிஸிலிருந்து மயாமி சென்ற விமானத்தில் ரிச்சர்ட் ரீட் என்பவன், ஜோட்டுக்குள் ஒளித்திருந்த வெடிமருந்தைக் கொளுத்த முயன்றான். சகபிரயாணிகள் பிடித்துக் கட்டினர். அபாயம் மெய்யே; அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அவன் விமானமேறிய பிரான்ஸிலோ, ஐரோப்பாவின் மற்ற தேசங்களிலோ, எல்லோரும் ஜோடு கழற்றுவது பொது விதியாகவில்லை. யந்திரம் ஒலித்தால், அல்லது காவலர் சந்தேகித்தால் கழற்றச் சொல்வர். அவ்வளவே. அமெரிக்காவிலோ எழுபத்தைந்து வயதைக் கடந்த கிழவர்களைக்கூட 2012 வரையில் விட்டபாடில்லை!

இதனினும் விநோதம் ஒன்றுண்டு. கட்டணம் செலுத்திக் கைரேகை பதித்து, பூர்வோத்தரம் விசாரிக்கப்பட்டவர் ஜோட்டுடனேயே செல்லலாமென்று அந்தச் சர்க்காரே பின்னர் அனுமதித்தது. விசாரணைக்குச் செலவுண்டென்பர். இருக்கட்டும். பணங்கட்ட இயலாத நிரபராதி மட்டும் ஏன் வெறுங்காலுடன் நிற்க வேண்டும்?

நவீன யந்திரங்கள் வந்துவிட்டதால் விதி வேண்டுவதில்லையென்று 2025-ல் காரணங் கூறினர். அவை ஒரே இரவில் முளைத்தனவா? பந்தோபஸ்து உத்தரவு எதுவாயினும், எத்தேசத்தாயினும், ஒரு வருஷக் கெடுவுடனேயே பிறக்க வேண்டும். கெடு தீர்ந்ததும், அது இன்னும் அவசியமென்று சட்டசபை முன் ருஜுப்படுத்தும் பாரம் சர்க்காருடையதே. வரிசையில் நிற்கும் பிரயாணியுடையதன்று.