கெத்துபாவிலிருந்து தொகையை அழிப்பவர்கள்

யூத மணமக்கள் தங்கள் மண ஒப்பந்தமான கெத்துபாவைத் தாங்களே எழுதி வரைந்துகொள்வது இன்று பரவலாகியுள்ளது. வரைவதில் குற்றமில்லை. 17, 18ஆம் நூற்றாண்டு இத்தாலியிலும் நம் கொச்சியிலும் எழுதப்பட்ட கெத்துபாக்களின் ஓரங்கள் கொடியும் பூவுமாய்ப் பொலிகின்றன. நடுவிலுள்ள வாசகத்தில் கைவைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அரமேய மொழியிலமைந்த பழைய வாசகம் காதலைப் பேசுவதில்லை. கன்னிக்கு 200 சூஸ், கைம்பெண்ணுக்கு 100. மணவிலக்கோ கணவனின் இறப்போ நேர்ந்தால் அவனது சொத்திலிருந்து அத்தொகை அவளுக்குச் சேர வேண்டும். உணவும் உடையும் அவன் பொறுப்பு. இரு சாட்சிகள் ஒப்பமிட்ட பத்திரம் மனைவியின் உடைமை. அது தொலைந்தால், வேறொன்று எழுதும்வரை கூடிவாழ்தல் ஆகாது என்கிறது சமயச் சட்டம். இத்துணைக் கறாரான ஆவணத்திலிருந்து பணப்பேச்சை நாகரிகக் குறைவென நீக்கிவிட்டு, ஒருவருக்கொருவர் ஒளியாவோம் என்று எழுதிச் சுவரில் மாட்டுவது சமத்துவமாம். ஒளியை எந்த மன்றத்தில் வசூலிப்பது?

பழையதை எழுத்து மாறாமல் காக்க வேண்டும் என்னும் வைதிகர் வாதமும் நிற்காது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தின் எலிஃபன்டைன் தீவில் வாழ்ந்த யூதர்களின் பாப்பிரஸ் ஒப்பந்தங்களில் மனைவியும் சபைமுன் எழுந்து மணவிலக்கை அறிவிக்கலாம். அவள் கொண்டுவந்த வெண்கலக் கண்ணாடிகூடப் பட்டியலில் உண்டு. பின்வந்த மரபோ விலக்குச் சீட்டைக் கணவன் கையில் கொடுத்தது. அவன் தர மறுத்தால் அவள் 'அகூனா', கட்டுண்டவள். இதற்கு மாற்றாகவே சவுல் லீபர்மன் 1954இல் கெத்துபாவினுள் ஒரு விதியைச் சேர்த்தார்: இருவரில் ஒருவர் வேண்டினால் மற்றவரைச் சமய நீதிமன்றம் அழைக்கலாம், இழப்பீடும் விதிக்கலாம். அமெரிக்கக் கன்சர்வேட்டிவ் பிரிவினர் அதை ஏற்றனர். வாசகம் மாறக்கூடியதே, பெண்ணின் பிடி இறுகும் திசையில் மாற வேண்டும்.

இந்தியாவில் இது இன்னும் கூர்மையான கேள்வி. கிறித்தவர்க்கு 1872ஆம் ஆண்டின் திருமணச் சட்டமும், பார்சிகளுக்கு 1936ஆம் ஆண்டின் சட்டமும் உள்ளன. யூதர்க்கெனத் தொகுக்கப்பட்ட திருமணச் சட்டம் எதுவுமில்லை. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை நாடாத பெனே இஸ்ரயேல் மணமகளுக்கு வழக்காறும் அந்தத் தாளுமே துணை. அந்தத் தாளை அலங்காரப் பொருளாக்குவோர் யாருடைய துணையைப் பறிக்கின்றனர்?

தாமே எழுதுவோர் தாராளமாக எழுதட்டும்: வீடு யார் பெயரில், பிரிந்தால் பங்கு எவ்வளவு, விலக்குச் சீட்டு எத்தனை நாளில், மறுத்தால் நாளொன்றுக்கு எத்தனை ரூபாய். பூ வரைய ஓரத்தில் இடம் அப்போதும் மிஞ்சும்.