மணமக்கள் ஏறும் வாடகை வண்டி

திருமண அழைப்பிதழ் அச்சாகி வந்த வீட்டில் அடுத்து எழும் கேள்விகளுள் ஒன்று, "காருக்குச் சொல்லியாயிற்றா?" என்பது. மண்டபத்துக்கும் மேளத்துக்கும் சமையலுக்கும் முன்பணம் கொடுத்துக் களைத்த தந்தையார் இக்கேள்விக்கு உடனே விடை கூறுவதில்லை. மன்னாரிலே கிடைக்கும் கார் போதும் என்பார் பெரியப்பா. கொழும்பிலிருந்து பென்ஸ் வண்டி வரட்டும் என்பார் சின்ன மாமா. கனடாவிலிருந்து தொலைபேசியிற் பேசும் மைத்துனரோ, "செலவு என்னுடையது, வெள்ளை நிறமாக இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிடுவார். சாரதியோடு கூடிய சொகுசுக் காரை ஒரு பகற்பொழுதுக்கு வாடகைக்கு அமர்த்தும் வழக்கம் இவ்வாறு நம் ஊர்களிலும் வேரூன்றிவிட்டது.

இதனை வீண் ஆடம்பரம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவோர் உளர். அவ்வாறு ஒதுக்க எமக்கு மனம் வரவில்லை. மணமக்கள் எதில் ஏறி வருகின்றனர் என்பது நம் சமூகத்தில் என்றுமே சிறிய விடயமாக இருந்ததில்லை. பல்லக்கில் ஏறுவதும், குடை பிடிப்பதும், மேளம் முழங்க வருவதும் இன்னார்க்கே உரியன என்று வரம்பு கட்டி வைத்திருந்த சமூகம் இது. நமக்கு அயலிலுள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, 1940ஆம், 1950ஆம் ஆண்டுகளை அடுத்த காலத்திலும், தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களுக்கு வாடகைக் காரில் ஏறும் உரிமையும் பேருந்தின் ஆசனத்தில் அமரும் உரிமையும் பல இடங்களில் மறுக்கப்பட்டன. சாதியின் பெயரால் இத்தகைய தடைகளை விதிப்பது குற்றமென 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் விதித்தது. சட்டம் வந்த மறுநாளே மனம் மாறிவிடவில்லை என்பதை அறியாதார் யார்? ஆயினும் கூலி கொடுப்பவர் எவரும் ஏறலாம் என்ற நிலை மெல்ல மெல்ல உறுதியாயிற்று. பாட்டனார் ஏற முடியாத வண்டியிற் பேத்தி மணக்கோலத்தோடு ஏறுகின்றாள் என்றால், அக்குடும்பத்தார் அந்தக் காரின் முன் நின்று நாலு படம் கூடுதலாக எடுத்துக்கொள்ளட்டுமே!

அக்காலத்து வாடகைக் கார் என்றவுடன் வடபகுதியிற் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ். ஒஸ்ரின், மொறிஸ் என்னும் இரு பிரித்தானிய நிறுவனங்களும் 1952இல் ஒன்றாகின. அக்காலத்தை ஒட்டி வந்த ஏ-40, ஏ-55, ஏ-60 வகை வண்டிகள் நம் நாட்டில் நெடுங்காலம் ஓடின. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையின், இருந்த வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டும் கலையில் நம்மவர் தேர்ந்தனர். 1977க்குப் பின்னர் யப்பானிய வண்டிகள் வந்து குவிந்த போதும், கலியாணத்துக்கு ஒஸ்ரினே வேண்டும் என்றோர் இருந்தனர். பின்னாசனத்திற் கூறைச் சேலை கசங்காமல் அமரலாம். மாப்பிள்ளையின் தலைப்பாகை கூரையில் இடிக்காது. இவை சிறிய காரணங்களாகத் தோன்றலாம். தலைப்பாகை சரிந்த மாப்பிள்ளையைக் கண்டவர்க்கு அவ்வாறு தோன்றாது.

1990இல் போர் மீண்டும் மூண்டு எரிபொருளுக்குத் தடை வந்தபோது இந்த வண்டிகள் புதியதொரு பெருமை பெற்றன. சிறிதளவு பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினர். அழுத்தம் குறைந்த பழைய இயந்திரமாதலின் அது தாக்குப்பிடித்தது. புகையும் மணமும் ஊரைக் கூட்டும். ஆயினும் வண்டி போய்ச் சேரும். அதுவும் கிடையாத வீடுகளில் மணமகனும் மணமகளும் துவிச்சக்கர வண்டியிற் சென்றனர். உழவு இயந்திரப் பெட்டியிலே உறவினர் ஏறினர். மன்னார்த் தீவுக்கும் பெருநிலப்பரப்புக்கும் இடையே சோதனைச் சாவடிகள் நின்றன. எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்கள் 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் படகேறிச் சென்றனர். அவர்தம் பிள்ளைகள் பலரின் திருமணங்கள் புத்தளத்து முகாம்களில் நடந்தன. ஊர்வலமே இல்லாமல் ஒரு தலைமுறை மணமுடித்தது. அத்தலைமுறையினர் இன்று தம் மக்களுக்கு மணம் பேசுகையில் காரைப்பற்றி ஏன் இவ்வளவு பேசுகின்றனர் என்பது இதனால் விளங்கும்.

2010இல் யப்பானிய உதவியோடு மன்னார்ப் புதிய பாலமும் தாம்போதியும் திறக்கப்பட்டன. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட, யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக மன்னாருக்கு வரும் வழி எளிதாயிற்று. பாதை வந்தது, பாதையிலே பென்ஸும் வந்தது.

இனி, கொழும்பிலிருந்து வண்டி வருவிக்கும் விடயத்துக்கு வருவோம். மாணவ மணிகள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். கொழும்பிலிருந்து புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி வழியாக மன்னார் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. கணக்குக்காக 300 என்றே கொள்வோம். மன்னார் நகரிலிருந்து திருக்கேதீச்சரம் ஏறத்தாழ 11 கிலோமீற்றர். வண்டி வர 300, மீள 300, மணமக்கள் கோயிலுக்குப் போய்வர 22, ஆகமொத்தம் 622. தூரத்தைக் கொண்டே வாடகை கணிக்கப்படுமாயின், கொடுக்கும் ஒவ்வொரு 100 ரூபாவிலும் மணமக்கள் அமர்ந்து சென்ற வழிக்கு உரியது ஏறத்தாழ 3 ரூபா 50 சதம். எஞ்சிய 96 ரூபா 50 சதமும் எவரும் ஏறாத வண்டி மதவாச்சிச் சாலையில் ஓடியதற்கான கூலி. 2022 யூலையில் எரிபொருளுக்குப் பங்கீடு வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றரே கிடைத்தது. லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடுமெனக் கொண்டாலும், அந்தப் பங்கில் கொழும்புக் கார் மன்னாரைக் கண்டிராது. அந்த நாட்களிலும் நம் ஊரிற் கலியாணங்கள் நடந்தன. மணமகள் அயலவரின் காரில் வந்தாள்; தாலி ஏறத்தான் செய்தது.

எனவே மன்னாரிலோ, வவுனியாவிலோ, யாழ்ப்பாணத்திலோ உள்ள நல்ல வண்டியை முதலில் விசாரிப்பதே அறிவுடைமை எனக் கருதுகின்றோம். அதில் மிஞ்சும் பணத்துக்குப் பேசாலையிலும் தலைமன்னாரிலும் இருக்கும் முதியவர்களை ஏற்றிவர ஒரு வான் பிடிக்கலாம். பேருந்தில் ஏற முடியாமையால் பேத்தியின் தாலிகட்டைப் பாராத ஆச்சிமார் எத்தனை பேர்! கடன் பட்டுக் காருக்குக் கொடுப்பதைப்பற்றி மட்டும் சற்றுக் கண்டிப்பாகவே சொல்லுவோம். சிறுகடன் நிறுவனங்களின் தவணைக்காரர் வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் துன்பத்தை வடபகுதிப் பெண்கள் அறிவர். ஆறு மணி நேரத்து வண்டிக்காக ஆறு மாதத் தவணையைத் தாயின் தலையில் ஏற்றுவது எந்தப் பெருமைக்கும் ஈடாகாது.

வண்டியைப் பேசும்போது சொல்லை மட்டும் நம்பாது எழுத்தில் வாங்குக. வாடகைத் தூரம் எங்கிருந்து தொடங்குகின்றது, நம் வாசலிலிருந்தா, அவர்தம் கொட்டகையிலிருந்தா? பெரும்பாலான பிணக்குகள் இவ்விடத்திலேதான் பிறக்கின்றன. நேரம் கடந்தால் மணிக்கு எவ்வளவு, சாரதியின் படியும் இரவுத் தங்கலும் யார் பொறுப்பு, பூ அலங்காரம் அடங்குமா என்பனவும் அத்தாளில் இருக்கவேண்டும். படத்திற் காட்டிய வண்டியே வருமா என்றும் கேட்க. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த வண்டிகளே ஓடி முதிர்ந்தன. மேற்பூச்சு மின்னலாம், குளிரூட்டி இயங்குகின்றதா என்பதை நண்பகல் வெயிலிற் சோதிப்பதே சோதனை. காப்புறுதிப் பத்திரம் வாடகை ஓட்டத்தையும் உள்ளடக்குமா என்ற கேள்வியை நம்மவர் கேட்பதேயில்லை. சொந்தப் பாவனைக்கு மட்டும் காப்புறுதி செய்த வண்டியில் விபத்து நேர்ந்தால், நட்டஈடு தேடி அலைவது நாமே.

வண்டியைக் காட்டிலும் முதன்மையாக நோக்க வேண்டியவர் சாரதி. காலை ஏழு மணி முகூர்த்தத்துக்குக் கொழும்பிலிருந்து வருபவர் நள்ளிரவிற் புறப்பட்டிருப்பார். இரவெல்லாம் விழித்த கண்களோடு மணமக்களை ஏற்றுவது தகுமா? முதல்நாள் மாலையே வந்து உறங்கச் சொல்லுதல் வேண்டும். அதற்கு ஓர் அறையும் பாயும் நாம் ஆயத்தம் செய்தல் வேண்டும். நம் தீவின் சாலையும் புதியவர்க்கு எளிதன்று. மன்னாரிலிருந்து தலைமன்னார் செல்லும் வழியைப் புகையிரதப் பாதை தொடர்ந்து வருகின்றது. 2021 மார்ச்சில் தலைமன்னாரில் ஒரு கடவையிற் பேருந்தும் புகையிரதமும் மோதிப் பாடசாலை மாணவன் ஒருவன் இறந்ததை இத்தீவு மறக்கவில்லை. தரை தாழ்ந்த சொகுசு வண்டியை ஒழுங்கை மணலில் இறக்கினால் சில்லுப் புதையும். பிறகு மாப்பிள்ளைத் தோழன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ள வேண்டியதுதான். இருட்டினால் கழுதைகள் வேறு நடுச்சாலையில் நிற்கும். தமிழகத்துக் கடைகளிற் கழுதைப் படத்தை மாட்டி, பார்த்தால் யோகம் வரும் என்று எழுதி வைப்பர். அந்த யோகத்தை வண்டியின் முன்விளக்கில் அருகே காண எவரும் விரும்பார். ஊர்ச் சாரதிக்கு இவையெல்லாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

மற்றொன்று. மணமக்களை இறக்கிவிட்டு வண்டி மரநிழலுக்குப் போனதும் சாரதியை எல்லோரும் மறந்துவிடுகின்றனர். பந்தி மூன்று நடந்து முடிந்து, பாயாசம் தீர்ந்து, பெண் அழைத்துப் போகும் நேரம் வந்த பின்பே "சாப்பிட்டீர்களா, தம்பி?" என்று யாரோ கேட்பர். முதற் பந்தியிலேயே அவரைக் கைபிடித்து அழைத்துச் சென்று இருத்துவதற்கென்று வீட்டுப் பையன் ஒருவனை முன்கூட்டியே நியமித்து வைக்கலாம். அன்று வேலையின்றிக் கைப்பேசியோடு மூலையில் நிற்கும் பையன் ஒருவன் எந்தக் கலியாண வீட்டிலும் இருப்பான்.