"வண்டி தொலையலே சார்... திருட்டுப் போச்சு!"

சில மாதங்களுக்கு முன் நடந்தது இது. நகரில் ஒரு போலீஸ் நிலையம். எது என்பது வேண்டாம். ராத்திரி 8 மணி. செய்தி சேகரிக்கப் போன நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ஒருவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். வயது நாற்பது இருக்கும். அச்சகத்தில் பைண்டிங் வேலை. கையில் ஒரு மனு. ஆங்கிலத்தில் டைப் அடித்தது. ரைட்டர் வாங்கிப் படித்தார். சிரித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவரும் சிரித்தார்.

"என்னய்யா, நீ லூஸா? இல்ல உன் வண்டி லூஸா?"

விஷயம் இதுதான். அவருடைய மோட்டார் சைக்கிளைக் காணோம். 'லாஸ்ட்' என்று எழுத நினைத்து 'லூஸ்டு' என்று எழுதிவிட்டார். அதிலும் இரண்டு 'ஓ'!

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. "தொலைஞ்சு போச்சுன்னுதானே எழுதியிருக்கே? சரி, தொலைஞ்ச பொருள்னு குறிச்சுக்கிறோம், போ" என்றார்கள். அப்போதுதான் அந்த மனுஷர் வாயைத் திறந்தார்.

"தொலையலே சார். பூட்டை உடைச்சு ரெண்டு பேர் தள்ளிட்டுப் போயிட்டானுங்க. எதிர் டீக்கடைக்காரர் பார்த்திருக்கார் சார்."

எழுத்துப் பிழை சிரிப்போடு போச்சு. வார்த்தைப் பிழைதான் ஆளைக் கவிழ்க்கப் பார்த்தது. 'லாஸ்ட்' என்றால் தொலைந்தது. அதற்கு ஒரு சீட்டு, அவ்வளவுதான். 'ஸ்டோலன்' என்றால் திருட்டு. அதற்கு எப்.ஐ.ஆர். உண்டு. எப்.ஐ.ஆர். இல்லாமல் இன்சூரன்ஸ்காரரிடம் போய் நின்றால் என்ன ஆகும்? வண்டியும் போச்சு, பணமும் போச்சு!

நல்லவேளை, வயதான ஏட்டு ஒருவர் காது கொடுத்துக் கேட்டார். "தமிழ்ல எழுதிக் கொடுப்பா" என்றார். பத்தே நிமிஷம். எப்போது, எங்கே, யார் பார்த்தது, எல்லாம் அரைப் பக்கத்தில் வந்துவிட்டது. வழக்கு பதிவானது.

ஏன் ஆங்கிலத்தில் எழுதினீர்கள் என்று வெளியே வந்து கேட்டேன். "இங்கிலீஷ்ல குடுத்தா மரியாதையா பார்ப்பாங்கன்னு ஜெராக்ஸ் கடை தம்பி சொன்னான் சார்" என்றார். கிடைத்த மரியாதையைத்தான் பார்த்தோமே!

தப்பு யார் மேலே?

ஆங்கிலம் தப்பாக எழுதுகிறவனைப் பார்த்துச் சிரிப்பது நம் ஊரில் ஒரு பொழுதுபோக்கு. நானும் பிளஸ் டூதான். வகுப்பில் 'கேட்ச்' என்பதற்கு இறந்தகாலம் 'கேட்ச்டு' என்று சொல்லி மண்டையில் குட்டு வாங்கியவன். 'காட்' என்று சொல்ல வேண்டுமாம். சரி. 'டீச்' என்றால் 'டாட்'. அதுவும் சரி. அப்படியானால் 'ரீச்' என்றால் 'ராட்' தானே? இல்லையாம், 'ரீச்டு'! இதில் நான் செய்த குற்றம் என்ன?

'ரீட்' கதை இன்னும் மோசம். இன்று படித்தாலும் நேற்று படித்தாலும் அதே நாலு எழுத்து. வாயில் மட்டும் 'ரீட்', 'ரெட்' என்று மாறும். 'கோ' என்பதற்கு 'வென்ட்' எங்கிருந்து வந்தது தெரியுமா? அது 'வெண்ட்' என்ற வேறொரு பழைய சொல்லின் இறந்தகாலம். வேறு வீட்டுப் பிள்ளையைத் தத்து எடுத்துக்கொண்டார்கள்.

எழுத்தும் அப்படித்தான். கத்திக்கு 'நைஃப்'. முன்னால் ஒரு 'கே' சும்மா நிற்கிறது. ஒரு காலத்தில் அதையும் உச்சரித்தார்கள். 1476-ல் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரம் கொண்டுவந்தார். அச்சில் ஏறிய எழுத்து மெல்ல மெல்ல உறைந்துவிட்டது. ஜனங்களின் நாக்கு மாறிக்கொண்டே போனது. மூக்கு ஒரு பக்கம், முழி ஒரு பக்கம்!

கடைக்காரர்களுக்கு ஒரு வேடிக்கை. கடனுக்கு 'டெட்'. நடுவில் ஒரு 'பி' ஊமை. ரசீதுக்கு 'ரெசீட்'. அதிலும் ஒரு 'பி' ஊமை, இது வேறு 'பி'. இரண்டும் ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் அது இல்லாமலே எழுதப்பட்டவை. லத்தீன் படித்த பண்டிதர்கள் பிற்பாடு செருகி வைத்தார்கள். அவர்கள் செய்தால் பாண்டித்தியம், பைண்டிங் தொழிலாளி ஒரு 'ஓ' கூடப் போட்டால் கேலியா?

தமிழ் மட்டும் ஒழுங்கா என்று கேட்பீர்கள். 'சா' என்றால் 'செத்தான்', 'வா' என்றால் 'வந்தான்', 'போ' என்றால் 'போனான்'. நம்மிடமும் உண்டு. ஆனால் அதைத் தாய்ப்பாலோடு குடித்துவிட்டோம். வெள்ளைக்காரக் குழந்தைக்கு 'வென்ட்' அப்படித்தான்.

தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பிழைப்புக்கு வேண்டும். அதனால் தினசரி ஆளைக் கவிழ்க்கும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

'லூஸ்': ஒரு 'ஓ' போட்டால் தொலைப்பது. இரண்டு 'ஓ' போட்டால் தளர்ந்தது.

'ஸ்டேஷனரி': 'ஈ' போட்டால் பேப்பர், பேனா கடை. 'ஏ' போட்டால் நகராமல் நிற்கும் வண்டி. 'என்வலப்'புக்கு முதல் எழுத்து 'ஈ' என்று ஞாபகம் வைத்தால் போர்டு தப்பாது.

செக் எழுதும்போது: நாலுக்கும் பதினாலுக்கும் 'யூ' உண்டு. நாற்பதுக்குக் கிடையாது.

'கவுன்சிலர்': வார்டு கவுன்சிலருக்கு நடுவில் 'சி'. மனநல ஆலோசகருக்கு 'எஸ்'. குப்பை அள்ளவில்லை என்ற மனுவை ஆலோசகருக்கு அனுப்பிவிடாதீர்கள்!

'சீவேஜ்' என்றால் கழிவுநீர். 'சீவரேஜ்' என்றால் அதைக் கொண்டுபோகும் குழாய் அமைப்பு. தெருவில் ஓடுவது முன்னது. ஓட வேண்டிய இடம் பின்னது.

'ஹேங்': தூக்கிலிடப்பட்ட ஆளுக்கு 'ஹேங்டு'. சுவரில் மாட்டிய படத்துக்கு 'ஹங்'.

கூசாமல் தமிழில் எழுதுங்கள்

தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. போலீசுக்கோ மாநகராட்சிக்கோ தமிழில் மனு கொடுக்க யாரும் கூச வேண்டியதில்லை. எழுதவே வராதா? வாயால் சொல்லுங்கள். கைது செய்யத்தக்க குற்றம் பற்றி வாயால் சொன்னாலும் நிலையத்தில் அதை எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதைச் சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். எப்.ஐ.ஆர். நகல் இலவசம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 154-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 173-வது பிரிவு. இது சலுகை அல்ல, உரிமை.

ஆகவே, கையெழுத்துப் போடும் முன்பு "படிச்சுக் காட்டுங்க சார்" என்று கேளுங்கள். 'காணவில்லை' என்று இருக்கிறதா, 'திருடப்பட்டது' என்று இருக்கிறதா, காதால் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழிலும் இந்த இரண்டும் ஒன்றல்ல!

மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனு கொடுக்க வருகிறவன் பரீட்சை எழுத வரவில்லை. பறிகொடுத்துவிட்டு வருகிறான். தப்பு எழுதியிருந்தால் "என்னப்பா நடந்துச்சு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்த ஏட்டு கேட்டார். அதனால்தான் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கு எண்ணாவது மிஞ்சியது.

வண்டி? இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அது தொலையவில்லை, திருட்டுப் போயிருக்கிறது. அது இப்போது ஏட்டில் சரியாக எழுதப்பட்டிருக்கிறது.